எட்டாம் நம்பர் இரும்புச் சட்டியும் என் கார்ன்பிரெட்டும்

நாங்க அமெரிக்கால டென்னசி மாநிலத்துல சாட்டனூகாவுக்கு குடி வந்து ஏழு மாசம் ஆகுது. வந்த ரெண்டாவது வாரமே அவரு ஆஃபீஸ்ல பாட்லக், ஆளுக்கொரு ஐட்டம் செஞ்சு கொண்டு வந்து பொதுவா வச்சு சாப்பிடுறது, நான் எலுமிச்சை சாதம் கொண்டு போயிருந்தேன். அங்க ஒரு ட்ரேல மஞ்சளா சதுரம் சதுரமா வெட்டி வச்சிருந்தாங்க, கேக்குன்னு நெனச்சு ரெண்டு துண்டு எடுத்துட்டேன். வாயில போட்டா இனிப்பே இல்ல. உப்பு, லேசா புளிப்பு, ரவை மாதிரி நறநறன்னு இருக்கு, வாயில இருக்க ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டு தொண்டைல நிக்குது. கெட்டுப்போன கேக்குன்னே முடிவு பண்ணிட்டேன். அதுதான் கார்ன்பிரெட்டு, மக்காச்சோள ரவைல சுடுற ரொட்டின்னு அப்புறம் சொன்னாங்க. பத்து நாள் கழிச்சு ஒரு ஹோட்டல்ல அதே பேர்ல வேற ஒண்ணு வந்துச்சு, அது நல்ல இனிப்பு, மெத்துமெத்துன்னு நெசமாவே கேக்கு மாதிரி. ஒரே பேர்ல ரெண்டு சாமான் எப்படி இருக்க முடியும்னு அன்னைக்கு ஆரம்பிச்ச கேள்விதான், அஞ்சு சனிக்கிழமைய எடுத்துக்கிச்சு.

மத்ததெல்லாம் அவ்வளவு கஷ்டமா இல்ல. மூன் பை இந்த ஊர்லயே 1917ல இருந்து பண்றது, ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவுல மார்ஷ்மெல்லோ வச்சு சாக்லேட்டுல முக்குனது, பசங்களுக்கு பிடிச்சுப் போச்சு, எனக்கு திகட்டுது. ரோட்டோரம் பெட்ரோல் பங்க்ல பெரிய பாத்திரத்துல உப்புத் தண்ணில வேக வச்ச வேர்க்கடலை விக்கிறாங்க, அத பார்த்ததும் கண்ணு கலங்கிருச்சு எனக்கு, அப்படியே நம்மூர் அவிச்ச கடலை. கிரிட்ஸ் நம்ம சோளச் சோறு மாதிரி, மக்காச்சோளக் குருணைல கிண்டுனது, நெய் ஊத்தினா இறங்கிருது. கார்ன்பிரெட் மட்டும்தான் பிடிபடவே இல்ல.

இப்ப நான் கார்ன்பிரெட் சுட்ட சட்டியோட கதை. பழைய சாமான் கடையில ஒரு மூலையில இரும்புச் சட்டி ஒண்ணு கிடந்துச்சு, 6 டாலர். உள்ள முழுக்க செந்துரு, வெளிய கரி ஏறி ஏறி பட்டை பட்டையா மரப்பட்டை மாதிரி. கைப்பிடிக்கு மேல 8ன்னு நம்பர். தூக்கிப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, இது எங்க வீட்டு தோசைக்கல்லோட ஜாதி, வார்ப்பு இரும்பு. அந்தக் காலத்துல விறகு அடுப்புக்கு மேல வட்ட வட்டமா மூடி இருக்குமாம், அந்த வட்டத்தோட அளவுக்குத்தான் இந்த நம்பர், எட்டுன்னா வாய் பத்தரை இன்ச் கிட்ட வரும். கவுத்துப் பார்த்தா அடியில ஒரு வளையம், அந்த வளையத்துல மூணு இடத்துல வெட்டு விட்டிருக்கு. பேர் எதுவும் இல்ல. ஆனா அந்த மூணு வெட்டு பழைய லாட்ஜ் கம்பெனி சட்டியோட அடையாளம். அந்தக் கம்பெனி எங்க வீட்ல இருந்து முக்கால் மணி நேரத்துல இருக்க சவுத் பிட்ஸ்பர்க்ங்கற சின்ன ஊர்ல 1896ல ஆரம்பிச்சது, 1910ல பட்டறை தீப்பிடிச்சு எரிஞ்சு போய் அதே ஊர்ல வேற இடத்துல திருப்பிக் கட்டுனது, இன்னைக்கும் அங்கதான் ஓடுது. அப்ப இந்தச் சட்டி பக்கத்து ஊர்ல வார்த்து, யார் யார் வீட்லயோ வெந்து, கடைசில என் கைக்கு வந்திருக்கு. 6 டாலர் கொடுத்தேன்.

முதல் வேலையா ஈயம் இருக்கான்னு பார்த்தேன். பழைய சட்டி வாங்குற எல்லாரும் இத கண்டிப்பா பண்ணுங்க. சில பேர் இதுல ஈயம் உருக்கி தூண்டில் குண்டு, துப்பாக்கி குண்டு எல்லாம் வார்த்திருப்பாங்க, அப்படிப்பட்ட சட்டிய எவ்வளவு தேச்சாலும் சமையலுக்கு ஆகாது. ஹார்ட்வேர் கடையில ஈயம் பார்க்குற குச்சி விக்குது, ஈயம் இருந்தா தேச்சதும் நிறம் மாறும், எனக்கு மாறல. அதுக்கப்புறம்தான் வீட்டுக்குள்ளயே எடுத்துட்டு வந்தேன்.

கரிப்பட்டைக்கு ஓவன் க்ளீனர், காஸ்டிக் சோடா இருக்க வகை. பால்கனில வச்சு, கையில நீள க்ளவுஸ் போட்டு, சட்டி முழுக்க அடிச்சு ஒரு குப்பைப் பையில கட்டி ரெண்டு நாள் விட்டேன். திறந்து தேச்சா கருப்பு கருப்பா கூழா வழியுது. திரும்ப ஒரு தடவை. ஓவன்ல செல்ஃப் க்ளீன்னு ஒரு பட்டன் இருக்கே, அதுல போட்டா வேலை சீக்கிரம் முடியுமேன்னு தோணும், அந்தச் சூட்டுல பழைய சட்டி வளைஞ்சோ வெடிச்சோ போயிரும், பண்ணாதீங்க.

துருவுக்கு வினிகர் பாதி தண்ணி பாதி. அரை மணி நேரம் ஊறப் போட்டு எடுத்து ஸ்டீல் நாரால தேய், பாரு, வேணும்னா திரும்பப் போடு. ராத்திரி முழுக்க ஊற விடக்கூடாது, புளிப்பு துருவ தின்னு முடிச்சுட்டு இரும்பையே திங்க ஆரம்பிச்சிரும். எனக்கு மூணு அரை மணி நேரம் ஆச்சு. கடைசில சாம்பல் நிறத்துல, குழந்தையோட கன்னம் மாதிரி வழவழன்னு ஒரு இரும்பு வெளிய வந்துச்சு பாருங்க, அப்படியே கையில வச்சு தடவிக்கிட்டே இருந்தேன். இப்ப வர்ற புதுச் சட்டில உள்பக்கம் மணல் மணலா சொரசொரப்பா இருக்கும், அந்தக் காலத்துல வார்த்ததுக்கு அப்புறம் உள்ள கடைஞ்சு விட்டிருக்காங்க.

அந்த சந்தோஷத்துல கழுவி கவுத்து வச்சுட்டு டீ போட போனேன், திரும்பி வந்து பார்த்தா ஆரஞ்சு கலர்ல மறுபடி பூத்திருக்கு! பத்து நிமிஷம் கூட ஆகல. வெறும் இரும்பு அப்படித்தான், ஈரம் பட்டதும் துரு பிடிக்கும். மறுபடி தேச்சு, துணியால துடைச்ச கையோட அடுப்புல வச்சு ஈரத்த முழுசா ஓட்டிட்டு, சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவினேன்.

இங்கதான் அம்மாகிட்ட வீடியோ கால் போட்டேன். நாங்க கோவில்பட்டி பக்கம். அம்மா பார்த்ததும், "ஏட்டி, புதுக் கல்லா? வடிகஞ்சில ரெண்டு நாள் ஊறப் போட்டு, நல்லெண்ணெய நல்லா தாராளமா தடவி, வெங்காயத்த போட்டு வதக்கு, தன்னால பழகிரும்"னு சொன்னாங்க. எங்க வீட்ல கல்லு அப்படித்தான் பழக்குனது. நான் கஞ்சிய விட்டுட்டு தாராளத்த மட்டும் எடுத்துக்கிட்டேன், எண்ணெய நல்லா பூசி 450 டிகிரி ஃபாரன்ஹீட்ல, நம்ம கணக்குக்கு 230 செல்சியஸ், ஓவன்ல ஒரு மணி நேரம் வச்சேன். அரை மணி நேரத்துல வீடு முழுக்க புகை, புகை அலாரம் அலறுது, அவரு ஸ்டூல் மேல ஏறி நின்னு துண்ட வச்சு விசிறுறாரு, சின்னவ காதப் பொத்திக்கிட்டு அழுறா. வெளிய எடுத்தா சட்டி முழுக்க பிசுபிசுன்னு பழுப்பு பழுப்பா திட்டு, தொட்டா விரல் ஒட்டுது.

பழக்குறதுன்னா என்ன நடக்குதுன்னு புரிஞ்சதுக்கு அப்புறம்தான் தப்பு தெரிஞ்சுது. எண்ணெய் மெலிசா இருந்து சூடு ஏறினா அது இறுகி, வார்னிஷ் மாதிரி இரும்போட ஒட்டின ஒரு தோலா ஆகிருது. கனமா இருந்தா மேல மட்டும் இறுகும், உள்ள பிசினாவே நிக்கும். அடுப்புல வெங்காயம் வதக்குறப்ப மிச்ச எண்ணெய வெங்காயமே தேச்சு எடுத்துருது, அதனால அம்மாவோட தாராளம் அங்க சரியா வருது. ஓவன்ல அந்த வேலைய பண்ண ஆள் இல்ல. அதனால எண்ணெய் தடவினதுக்கு அப்புறம், தடவுனதே தப்புங்கற மாதிரி சுத்தமான காஞ்ச துணியால முழுசா துடைச்சு எடுத்துரணும், கண்ணுக்கு எண்ணெய் தெரியக்கூடாது. கவுத்து வச்சு ஒரு மணி நேரம், அப்படியே ஓவனுக்குள்ளயே ஆற விடணும். இப்படி நாலு தடவை. நான் கனோலா எண்ணெய்தான் போட்டேன். ஆளி விதை எண்ணெய் நல்லா இறுகும்னு சொல்லுவாங்க, ஆனா அது பின்னால பொருக்கு பொருக்கா உரியுது. ஜன்னல் எல்லாத்தையும் முதல்லயே திறந்து வச்சுருங்க.

நாலாவது தடவைக்கு அப்புறம் கருப்பா, லேசா பளபளன்னு. முட்டை ஒண்ணு உடைச்சு ஊத்தினேன், ஒட்டாம சுத்துச்சு.

சரி, கார்ன்பிரெட். முதல் தடவை வீட்ல இருந்த மக்கி ஆட்டாவ போட்டேன், இந்தியன் கடையில ரொட்டிக்கு வாங்கினது. மக்காச்சோளம்தானேன்னு நெனச்சேன். செங்கல் மாதிரி வந்துச்சு, உள்ள களி. இங்க மூணு மாவு இருக்கு, நம்மள மாதிரி வர்றவங்க இதுலதான் விழுவாங்க. நம்மூர்ல கார்ன் ஃப்ளார்னு வெள்ளையா விக்கிறது மாவுச்சத்து மட்டும், அதுக்கு இங்க கார்ன் ஸ்டார்ச்னு பேரு. இங்க கார்ன் ஃப்ளார்னு கேட்டா முழு மக்காச்சோளத்த மைதா மாதிரி நைசா அரைச்சது வரும், மக்கி ஆட்டாவும் அதுக்கு பக்கத்துலதான். கார்ன்பிரெட்டுக்கு வேணுங்கறது கார்ன் மீல், கை வச்சா ரவை மாதிரி குருணை தட்டணும்.

அடுத்த சனிக்கிழமை கார்ன் மீலே வாங்கினேன், பையில செல்ஃப் ரைசிங்னு போட்டிருந்தத கவனிக்கல. அப்படி போட்டிருந்தா பேக்கிங் பவுடரும் உப்பும் (சிலதுல மைதாவும்) ஏற்கனவே கலந்திருக்கும். நான் செய்முறைப்படி மறுபடியும் ரெண்டையும் போட்டேன். புஸ்ஸுன்னு ஏறி நடுவுல குழி விழுந்துச்சு, சோப்பு தின்ன மாதிரி நாக்குல ஒரு கசப்பு, உப்பு கரிக்குது. அப்படியே குப்பைக்கு போச்சு. சாப்பாட்ட கொட்டினது ரெண்டு நாள் மனசுல கிடந்து உறுத்துச்சு.

மூணாவது தடவை மாவு சரி, மோரும் சட்டியும் தப்பு. செய்முறைல பட்டர்மில்க்னு இருக்கு, நான் தயிர கடைஞ்சு தண்ணி ஊத்தி நம்மூர் மோராவே ஊத்திட்டேன். இங்க பட்டர்மில்க்னு டப்பால வர்றது கெட்டியா, நல்ல புளிப்பா, நம்ம தயிர அடிச்சு விட்ட பதத்துல இருக்கும். அந்தப் புளிப்புதான் சோடா உப்போட சேர்ந்து நுரை கிளப்பி மாவ தூக்குது, புளிப்பு பத்தலன்னா மாவு எழும்பாது, சோடா வாசமும் போகாது. டப்பா இல்லன்னா முக்கால் கப் புளிச்ச தயிரும் கால் கப் தண்ணியும் அடிச்சு ஊத்துங்க, போதும். அதோட, சூடேத்தாத சட்டில மாவ ஊத்தி ஓவன்ல வச்சேன், அடி பூரா ஒட்டிக்கிச்சு. நாலு தடவை பழக்கின சட்டி, கரண்டி வச்சு சுரண்டுறப்ப வயிறு எரிஞ்சுது.

அப்பதான் பக்கத்து வீட்டம்மாகிட்ட போய் கேட்டேன். எண்பது வயசு இருக்கும், தனியா இருக்காங்க, வந்த நாள்ல இருந்து எங்கள பார்த்தா கை காட்டுவாங்க. சட்டிய கொண்டு போய் காட்டினேன். வாங்கி கவுத்து, வளையத்துல இருந்த வெட்ட விரலால தடவிப் பார்த்துட்டு, எங்கம்மாகிட்ட இதே சட்டி இருந்துச்சும்மான்னாங்க. அப்புறம் நான் சொன்னத முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "சட்டி பேசுச்சா?" மாவு ஊத்துறப்ப சட்டி சத்தம் போடணும், போடலன்னா ஊத்தாதன்னாங்க.

தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு சொய்ங்குதான்னு பார்க்காம நான் என்னைக்காவது மாவு ஊத்தியிருக்கேனா. இங்க வந்து ஓவன், டிகிரி, நிமிஷம்னு பார்த்ததுல அது மறந்தே போச்சு.

அவங்க பன்னிக் கொழுப்புதான் ஊத்துவாங்க, அடுப்புக்கு பக்கத்துல ஒரு காப்பி டின்ல வடிச்சு வச்சிருக்காங்க. எங்க வீட்ல அது ஆகாதுன்னு சொன்னேன், அதுக்கென்ன, சூடு தாங்குற கொழுப்பு எதுவா இருந்தாலும் சரின்னாங்க. வெண்ணெய் அந்தச் சூட்டுல கருகிரும், நெய் தாங்கும். நெய்யே முடிவு பண்ணேன். சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டதுக்கு தலைய ஆட்டிட்டாங்க. சர்க்கரை போட்டா அது கேக்கும்மா, கார்ன்பிரெட் இல்ல. வடக்க எல்லாம் சர்க்கரையும் மைதாவும் சேர்த்து மெத்துன்னு பண்ணுவாங்க, தெக்க பாதி வீட்ல ரெண்டும் கிடையாது. என்னோட ஒரே பேர் ரெண்டு சாமான் கேள்விக்கு விடை அவ்வளவுதான்.

அளவு இது. கல்லு மில்லுல அரைச்ச வெள்ளை கார்ன் மீல் 2 கப், உப்பு 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், முட்டை 2, பட்டர்மில்க் ஒன்றரைல இருந்து ஒன்னேமுக்கால் கப், இட்லி மாவ விட கொஞ்சம் இளக்கமா வரணும். நெய் நாலு டேபிள்ஸ்பூன். கல்லு மில்லு மாவுல கருவோட எண்ணெயும் சேர்ந்தே இருக்கும், வாசம் அபாரம், ஆனா வெளிய வச்சா சிக்கு வாடை வந்துரும், ஃப்ரீஸர்லதான் வைக்கணும். 

ஓவன 450ல வச்சு, காலி சட்டிய உள்ள வச்சே சூடேத்தினேன். நல்லா ஏறினதும் நெய்ய விட்டு, சட்டிய சுத்தி ஓரமெல்லாம் நனைய விட்டு, மிச்ச நெய்ய மாவுலயே ஊத்தி ஒரு கலக்கு கலக்கிட்டு, மாவ ஊத்தினேன். பேசுச்சு! சொய்ய்ய்னு சத்தம், ஓரத்துல இருந்து குமிழ் குமிழா உள்ள வருது, ஊத்தின அந்த நொடியே ஓரம் வெந்து வெளுக்குது, அப்படியே எண்ணெய்ச் சட்டில பணியாரம் ஊத்தின மாதிரி. 22 நிமிஷம். ஓரம் சட்டிய விட்டு விலகி நின்னுச்சு, தட்டு வச்சு கவுத்தேன், ஒரு துணுக்கு ஒட்டாம பொத்துன்னு விழுந்துச்சு. அடிப்பக்கம் தேன் நிறத்துல மொறுமொறுன்னு, நகத்தால தட்டினா டொக்டொக்குங்குது, பிச்சா உள்ள இருந்து ஆவியோட சோளக்கதிர் சுட்ட வாசம்.

கால்வாசிய பக்கத்து வீட்டுக்கு கொண்டு போனேன். அவங்க பின்ட்டோ பீன்ஸ குழைய வேக வச்சு, மேல பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு வச்சிருந்தாங்க, அதுல கார்ன்பிரெட்ட முக்கி சாப்பிடச் சொன்னாங்க. கூட காலர்ட் கீரை, வான்கோழி எலும்பு போட்டு வேக வச்சது. அந்தக் கீரை வெந்த தண்ணிக்கு தனியா பாட் லிக்கர்னு பேரு, கீரைய தின்னுட்டு அந்தத் தண்ணில இன்னொரு துண்ட ஊற வச்சு சாப்பிடுறாங்க. அங்க உட்கார்ந்து சாப்பிடுறப்பதான் எனக்கு விளங்குச்சு, நான் பாட்லக்ல இத தனியா, ஒரு பலகாரமா தின்னிருக்கேன். குழம்பு இல்லாம வெறும் களிய வாயில போட்டுட்டு தொண்டைல நிக்குதுன்னு குறை சொன்ன மாதிரி. இவங்களுக்கு இது சோறு.

வெறும் மக்காச்சோளத்த மட்டும் நம்பினவங்க பட்ட பாட்டையும் அவங்க சொன்னாங்க, அவங்க பாட்டி காலத்துல ஏழை வீடுகள்ல பெலாக்ரான்னு ஒரு வியாதி, தோல் உரிஞ்சு, வயித்தால போயி, புத்தி கலங்கி செத்துப் போவாங்களாம். தொத்து வியாதின்னே ரொம்ப நாள் நெனச்சிருக்காங்க. 1914ல இருந்து ஜோசஃப் கோல்ட்பெர்கர்ங்கற அரசாங்க டாக்டர் தெக்க ஊர் ஊரா போய், இது சாப்பாட்டுக் குறைதான், பாலும் கறியும் சேர்ந்தா வராதுன்னு காட்டினாரு. மக்காச்சோளத்துல நயாசின்ங்கற சத்து இருந்தும் உடம்பு எடுத்துக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கு, சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சா அது அவுந்துரும், மெக்சிகோக்காரங்க காலங்காலமா அப்படித்தான் பண்றாங்க. இங்க வந்தவங்க மக்காச்சோளத்த எடுத்துக்கிட்டாங்க, சுண்ணாம்ப விட்டுட்டாங்க. பீன்ஸு, கீரை, மோர்னு சேர்த்து சாப்பிடுறதுக்கு பின்னால இவ்வளவு இருக்கு.

கடைசியா பக்கத்து வீட்டம்மா பண்ணினதுதான் என்னைய அசைச்சுது. மிச்சமிருந்த துண்ட ஒரு உயரமான கண்ணாடி டம்ளர்ல உதிர்த்துப் போட்டாங்க, மேல ஜில்லுன்னு பட்டர்மில்க் ஊத்தினாங்க, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு நீள ஸ்பூன், தொட்டுக்க வெங்காயத்தாள் ரெண்டு தண்டு. ராத்திரி எனக்கு இதுதாம்மா சாப்பாடுன்னு சொல்லி எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாங்க. எங்க ஆச்சி கம்மங்கூழ மோர் ஊத்தி கரைச்சு, சின்ன வெங்காயத்த கடிச்சுக்கிட்டு, திண்ணைல உட்கார்ந்து குடிக்கும். அந்தப் புளிப்பும், குருணை நாக்குல தட்டுறதும், நடுவுல வெங்காயம் நறுக்குன்னு கடிபடுறதும் அதேதான். என்னால உடனே பேச முடியல. ஆச்சி போய் பதினோரு வருஷம் ஆச்சு. அவங்க என் கைய பிடிச்சுக்கிட்டாங்க, எதுவும் கேக்கல.

கிளம்புறப்ப ஒரு பாட்டில் குடுத்தாங்க, சோர்கம் சிரப். பேர பார்த்துட்டு வீட்டுக்கு வந்து தேடினா நம்ம சோளம்! மக்காச்சோளம் இல்ல, எங்க கரிசக்காட்டுல விளையுற அதே சோளத்தோட இனிப்பு ரகம். ஆப்பிரிக்கால பிறந்த பயிரு, நமக்கும் அங்க இருந்துதான் வந்துச்சு, இங்கயும் அங்க இருந்துதான். டென்னசியிலயும் கென்டக்கியிலயும் செப்டம்பர், அக்டோபர்ல தட்டைய வெட்டி, கரும்பு மாதிரி ஆட்டி, சாற அகலமான கொப்பரைல காய்ச்சுவாங்க, பத்து கேலன் சாறு வத்தினா ஒரு கேலன் பாகு தேறும். சின்ன வயசுல நாங்க பச்சைத் தட்டைய ஒடிச்சு மென்னு சாறு குடிச்சிருக்கோம், அதக் காய்ச்சி பாகாக்கலாம்னு யாரும் நெனச்சதில்ல. சூடான கார்ன்பிரெட்ட கிடையா ரெண்டா பிளந்து, வெண்ணெய் தடவி, இத ஒழுக விட்டா வெல்லப்பாகும் லேசான புகை வாசமுமா இருக்கு. பெரியவன் இப்ப இட்லிக்கே இதத்தான் கேக்குறான்.

சட்டி பராமரிப்புக்கு ஒண்ணும் பெருசா இல்ல. கொஞ்சமா சோப்பு போட்டு கழுவலாம், ஒண்ணும் ஆகாது, ஊறப் போடக்கூடாது, கழுவினதும் அடுப்புல வச்சு காய விட்டு ஒரு சொட்டு எண்ணெய் தடவணும். முதல் மூணு மாசம் தக்காளி, புளி எதுவும் அதுல காய்ச்ச வேணாம்.

நேத்து அம்மா கேட்டாங்க, "அதுல தோசை வருதாட்டி?" முயற்சி பண்ணிட்டேன். மாவு ஒட்டல, முறுகலும் நல்லா வருது, ஆனா சட்டிக்கு ரெண்டு இன்ச் உசரத்துல சுவர் இருக்கு, தோசைத் திருப்பி படுக்கையா உள்ள போக மாட்டேங்குது, ஓரம் கிழியுது. அடை ஊத்தினேன், கனமா, மூடி போட்டு. அது பிரமாதமா வந்துச்சு, ரெண்டு எடுத்துட்டுப் போய் பக்கத்து வீட்ல குடுத்தேன், அவங்க அத பட்டர்மில்க்ல உதிர்த்துப் போட்டுக்கலாமான்னு கேட்டாங்க.